தென்னை வெள்ளை ஈ பற்றிய 52 ஸ்லைடுகள்: பிரித்துப் போட்டு மறுபடி கட்டிய பதிவு

பென் டிரைவில் வந்த கோப்பின் பெயர் ‘ஃபைனல் நியூ 2’. 52 ஸ்லைடு, 88 எம்பி. கொடுத்தவர் வேளாண்மைத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். பொள்ளாச்சியை அடுத்த ஆனைமலைப் பக்கம் தென்னை விவசாயிகள் கூட்டம் ஒன்றில் ரூகோஸ் சுருள் வெள்ளை ஈயைப் பற்றி அவர் பேச வேண்டும். இடம் கல்யாண மண்டபம், நேரம் காலை பதினொன்று, நாற்பது நிமிடம் பேச்சு, அப்புறம் சாப்பாடு. எனக்குக் கோவையில் டிடிபி வேலை. பத்திரிகை, நோட்டீஸ், பில் புக் போக இந்த மாதிரி கோப்புகளும் வரும். “கலர் மட்டும் கொஞ்சம் எடுப்பா பண்ணிக் குடுத்துருங்க தம்பி” என்றார் சார்.

திறந்து பார்த்ததுமே தெரிந்துவிட்டது, இதில் கலர் கடைசிப் பிரச்சினை. முதல் ஒன்பது ஸ்லைடுகளில் தோப்புக்காரருக்குத் தேவையானது எதுவும் வரவே இல்லை. தலைப்பு, வரவேற்பு, தென்னையின் சிறப்பு, மாவட்ட வாரியாகத் தென்னைப் பரப்பு, பூச்சியின் வகைப்பாடு, உலகில் அது பரவிய வரலாறு. இந்தியாவில் இந்த ஈ முதன்முதலில் பதிவானது 2016இல், அதுவும் பொள்ளாச்சியில்தான். அந்தப் பொள்ளாச்சிக்காரர்களிடமே போய், மத்திய அமெரிக்காவிலிருந்து அது எப்படி வந்தது என்று பத்து நிமிடம் வகுப்பெடுப்பதாகத் திட்டம். அவர்கள் தோப்பில் பல வருடமாகக் குடியிருக்கும் பூச்சி அது!

கலரைத் தொடுவதற்கு முன் சாரிடம் ஒன்று கேட்டேன். “லேப்டாப்பை மூடி வெச்சுட்டு, என்னை ஒரு தோப்புக்காரன்னு நினைச்சுச் சொல்லுங்க சார்.” போனில் பதிவு செய்துகொண்டேன். மனிதர் பிரமாதமாகப் பேசினார். “ஏனுங்க, ஓலை கறுத்துப்போச்சேன்னு பயந்துக்காதீங்க. அந்தக் கறுப்பு மரத்தைத் திங்கறதில்லைங்க. ஈ கழிக்கற தேன் மாதிரி கசிவு கீழ் ஓலையில விழுது, அதுமேல பூசணம் புடிக்குது. வெயில் ஓலைக்குப் போய்ச் சேராம அது மறைக்கறதுதான் தொந்தரவு.” இதே விஷயம் கோப்பில் 14ஆம் ஸ்லைடில் இருந்தது: ‘தேன்துளிக் கழிவின் மீது கரும்பூசண வளர்ச்சி ஏற்பட்டு ஒளிச்சேர்க்கை பாதிப்படைதல்’. அதற்கு மேலே ஆறு வரி, கீழே மூன்று வரி. வாயில் அவ்வளவு தெளிவாக இருந்தது திரையில் ஏறியதும் அரசாணை ஆகிவிட்டது.

அந்தப் பதிவைக் கேட்டு எழுதிக்கொண்டதுதான் புதிய கோப்புக்கு அடித்தளம். அவருடைய பேச்சில் எந்த இடத்தில் கேட்பவருக்குக் கண்ணால் பார்க்க ஒன்று தேவைப்படுகிறதோ அங்கே மட்டும் ஸ்லைடு. மற்ற இடத்தில் அவர் வாயே போதும். 52 ஸ்லைடையும் அச்செடுத்து, வெட்டி, மேசையில் மூன்று குவியலாகப் போட்டேன். வாயால் சொல்ல வேண்டியது, திரையில் காட்ட வேண்டியது, கையில் கொடுத்தனுப்ப வேண்டியது. மூன்றாவது குவியல்தான் பெரிதாக இருந்தது. அளவுகள், கலவை விகிதம், எத்தனை நாளைக்கு ஒருமுறை, யாரிடம் வாங்குவது, இதெல்லாம் திரையில் பார்த்து ஞாபகம் வைத்துக்கொள்ளும் விஷயம் இல்லை. அதை ஏ4 நோட்டீஸாக இரண்டு பக்கம் அடித்துவிடலாம். வகைப்பாடும் உலக வரலாறும் எந்தக் குவியலிலும் சேரவில்லை. சாருக்கு மனசு கேட்கவில்லை. “யாராச்சும் கேட்டா?” என்றார். கேட்டால் காட்டுவதற்கு வழி இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

அடுத்தது தலைப்புகள். எல்லா ஸ்லைடிலும் பெயர்ப்பலகை மாதிரி தலைப்பு: ‘அறிகுறிகள்’, ‘வாழ்க்கைச் சுழற்சி’, ‘ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மை’. இவற்றைப் படித்து ஒருவருக்கு என்ன தெரியப்போகிறது? தலைப்பே முழு வாக்கியமாக இருந்து, அந்த ஸ்லைடு சொல்ல வந்ததைச் சொல்லிவிட வேண்டும். கீழே அதற்குச் சாட்சியாக ஒரு படம். அமெரிக்காவில் மைக்கேல் அல்லி என்ற பேராசிரியர் பொறியியல் மாணவர்களுக்கு இந்த முறையைத்தான் வெகுகாலமாகச் சொல்லிக்கொடுத்தார். தமிழுக்கு இது இன்னும் நன்றாகப் பொருந்துகிறது, ஏனென்றால் நம் பெயர்ச்சொல் தொடர்கள் நீளம் ஆக ஆக உயிர் போய்விடும். வினைமுற்று வந்தால்தான் வாக்கியம் எழுந்து நிற்கும்.

‘அறிகுறிகள்’ என்ற ஸ்லைடு, ‘ஓலைக்கு அடியில் வெள்ளைச் சுருள் தெரிந்தால் இந்த ஈ வந்துவிட்டது’ என்று ஆனது. கீழே இருந்த ஏழு வரியும் போய், ஓலையின் அடிப்பக்கத்தில் வட்டம் வட்டமாக முட்டையிட்டிருக்கும் ஒரே படம். ‘ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மை’ என்று 37ஆம் ஸ்லைடில் பதினொரு புள்ளிகள் இருந்தன. அதில் ஒன்பதாவது புள்ளி இது: ‘தேவையற்ற இரசாயனப் பூச்சிக்கொல்லிகளைத் தவிர்த்தல் நன்மை செய்யும் பூச்சிகளைப் பாதுகாக்க உதவும்’. கூட்டத்துக்கு வருபவர்கள் வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டிய சங்கதி ஒன்றே ஒன்று என்றால் அது இதுதான். மருந்து அடிக்காதே. அது 37ஆம் ஸ்லைடில், ஒன்பதாவது வரியில், 16 புள்ளி எழுத்தில் ஒளிந்துகொண்டிருந்தது.

முக்கியமானதைக் கீழே ஒளிப்பதால் வந்த விபரீதத்துக்கு ஊரறிந்த உதாரணம் ஒன்று உண்டு. 2003 ஜனவரியில் கொலம்பியா விண்கலம் கிளம்பியபோது எரிபொருள் தொட்டியிலிருந்து பிய்ந்த நுரைத் துண்டு இறக்கையில் மோதியது. சேதம் எவ்வளவு இருக்கும் என்று பொறியாளர்கள் நாசாவுக்கு ஸ்லைடு போட்டு விளக்கினார்கள். ஒரு ஸ்லைடின் பெரிய தலைப்பு, பழைய சோதனைத் தரவுகள் நம்பிக்கை தருவதாகத் தொனித்தது. அதே ஸ்லைடின் அடியில், சின்ன எழுத்தில், புள்ளிக்குள் புள்ளியாக, மோதிய துண்டின் கன அளவு 1920 கன அங்குலம், சோதனையில் பயன்படுத்தியது 3 கன அங்குலம் என்று இருந்தது. 640 மடங்கு வித்தியாசம்! பிப்ரவரி 1ஆம் தேதி கலம் திரும்பும்போது சிதறி ஏழு பேரும் இறந்தார்கள். விபத்துக்குக் காரணம் நுரைத் துண்டு, ஸ்லைடு இல்லை. ஆனாலும் விசாரணைக் குழு அந்த ஆண்டு ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கையில் அந்த ஸ்லைடுக்கென்று தனியாக ஒரு பக்கமே ஒதுக்கியது. அதைப் பிரித்து ஆராய்ந்தவர் தகவல் வடிவமைப்பு வல்லுநர் எட்வர்ட் டஃப்டி.

நம் விஷயம் அவ்வளவு பெரியது இல்லை. ஆனாலும் 37ஆம் ஸ்லைடின் ஒன்பதாவது வரியை நான்காம் ஸ்லைடின் தலைப்பாக ஏற்றினேன்: ‘மருந்து அடித்தால் நமக்கு உதவும் குளவியும் சாகும்’. இந்தக் குளவி என்கார்சியா என்ற ஒட்டுண்ணி, ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. வெள்ளை ஈயின் குஞ்சுக்குள் முட்டையிட்டு அதைத் தின்றே வளர்ந்து வெளியே வரும்.

இந்த இடத்தில்தான் அதிக நேரம் போனது. பழைய கோப்பில் ஒரே ஸ்லைடில் நான்கு படங்கள் ஒட்டப்பட்டிருந்தன. ஒன்றில் ஓலையின் மேல்பக்கம் கரும்பூசணம். இன்னொன்றில் அடிப்பக்கம், ஈக்குஞ்சுகளின் வெள்ளைக் கூடுகளுக்கு நடுவே சில கறுத்த கூடுகள். என்கார்சியா புகுந்த கூடு கறுத்துப்போகும், குளவி வெளியேறியிருந்தால் அதில் சின்ன வட்ட ஓட்டை தெரியும். அதாவது மேலே இருக்கும் கறுப்பு, ஈயின் அடையாளம். கீழே இருக்கும் கறுப்பு, ஈ சாகிறது என்பதன் அடையாளம். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில், தபால்தலை அளவில் வைத்து, மேலே ‘கறுத்துக் காணப்படுதல்’ என்று எழுதினால் பார்ப்பவர் என்ன நினைப்பார்? இரண்டும் நோய் என்று நினைத்து மருந்துக் கடைக்குப் போவார். ஸ்லைடு தப்பான தகவல் எதையும் சொல்லவில்லை, ஆனால் தப்பாகப் புரிய வைத்துவிடும்.

இரண்டு கறுப்பையும் பிரித்தேன். நடுவில் இரண்டு ஸ்லைடு இடைவெளி. மேல்பக்கக் கறுப்புக்குத் தலைப்பு: ‘மேலே இருக்கும் கறுப்பு, ஈயின் கழிவால் வருவது’. அடிப்பக்கக் கறுப்புக்குத் தலைப்பு: ‘அடியில் கறுத்த கூடு இருந்தால் குளவி வேலை செய்கிறது’. படமும் மாற வேண்டியிருந்தது. சார் எடுத்திருந்த படத்தில் முழு ஓலையும் இருந்தது, கூடுகள் வெறும் புள்ளிகள். கிட்டத்தில் போய், கூடுகளுக்குப் பக்கத்தில் ஒரு தீக்குச்சியின் தலையை வைத்து எடுத்து அனுப்பச் சொன்னேன். தீக்குச்சி இருந்தால்தான் திரையில் அவ்வளவு பெரிதாகத் தெரியும் கூடு நிஜத்தில் எவ்வளவு சின்னது என்று பிடிபடும். அனுப்பிய படத்தைத் திரை முழுக்க விரித்தேன், கறுத்த கூடுகள் மூன்றைச் சுற்றி மட்டும் தடித்த மஞ்சள் வளையம். வளையத்தை அனிமேஷனில் கொண்டுவரவில்லை. அதே ஸ்லைடை நகலெடுத்து, முதலாவதில் வளையம் இல்லாமல், இரண்டாவதில் வளையத்தோடு வைத்தேன். முதல் ஸ்லைடில் “இதுல என்ன வித்தியாசம் தெரியுதுங்க?” என்று சார் கேட்பார், ஜனங்கள் தேடுவார்கள், அடுத்த தட்டில் வளையம் வரும். பிடிஎஃப் ஆக மாற்றினாலும் இந்த வித்தை கெடாது. அனிமேஷன் என்றால் பிடிஎஃப்பில் எல்லாம் ஒன்றாகக் கொட்டிவிடும்.

எழுத்துகளைக் குறைத்ததில் சாருக்கு ஒரு பயம். மறந்துபோனால் பார்த்துச் சொல்ல வரி வேண்டாமா என்றார். நியாயமான பயம்தான். ஆனால் அந்த வரிகள் அவருக்குத் தேவை, கூட்டத்துக்குத் தேவையில்லை. திரையில் ஏழு வரி வந்ததும் ஜனங்கள் அதைப் படிக்க ஆரம்பிப்பார்கள், அந்த நேரம் பேச்சு காதில் ஏறாது. படித்து முடித்தவர் சும்மா உட்கார்ந்திருப்பார், மெதுவாகப் படிப்பவர் இரண்டையும் தவறவிடுவார். படத்தோடு பேச்சும் சேர்ந்தால் நன்றாகப் பதிகிறது, அதே பேச்சை எழுத்தாகவும் திரையில் போட்டால் பதிவது குறைகிறது என்று ரிச்சர்ட் மேயர் போன்ற கல்வி உளவியல் ஆய்வாளர்கள் சோதனை செய்தே காட்டியிருக்கிறார்கள். ஆக, வரிகளை ஸ்லைடுக்குக் கீழே இருக்கும் நோட்ஸ் பகுதிக்கு இறக்கினேன். பிரசென்டர் வியூ போட்டால் லேப்டாப்பில் அவருக்கு மட்டும் அது தெரியும். கூடவே, எல்லா ஸ்லைடையும் ஒரு பக்கத்துக்கு ஒன்பதாக அச்செடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளக் கொடுத்தேன்.

இனி எழுத்துரு. தமிழில் ஸ்லைடு செய்பவர்களுக்கு இது தனித் தலைவலி. கோப்பில் பாதி யூனிகோடு, பாதி பாமினி என்ற பழைய எழுத்துரு. பாமினியில் அடித்ததை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டிக் கிடக்கும். மண்டபத்தில் யாருடைய லேப்டாப் வரும் என்று சொல்ல முடியாது. எல்லாவற்றையும் எழுத்துரு மாற்றும் நிரலில் போட்டு யூனிகோடு ஆக்கினேன். நடுவில் இருந்த ஆங்கில அறிவியல் பெயர்களையும் அது தமிழ் என்று நினைத்து மாற்றி, யாரும் வாயால் உச்சரிக்க முடியாத சொற்களை உண்டாக்கி வைத்திருந்தது. அவற்றைக் கையால்தான் களைய வேண்டியிருந்தது.

எழுத்துரு நிர்மலா. விண்டோஸ் 8 முதல் எல்லாக் கணினியிலும் கூடவே வருவதால் ஆபத்து குறைவு. பழைய லதாவும் பரவாயில்லை, ஆனால் தூரத்திலிருந்து பார்க்க அதன் கோடுகள் மெலிசு. தலைப்புக்கு மட்டும் போல்ட். இட்டாலிக் எங்கேயும் வேண்டாம், தமிழ் எழுத்துருக்களில் பெரும்பாலும் அப்படி ஒரு வடிவமே வரையப்பட்டிருக்காது, நேர் எழுத்தை இழுத்துச் சாய்ப்பதுதான் நடக்கும். வரி இடைவெளியும் கவனிக்க வேண்டியது. பவர்பாயிண்டின் இப்போதைய வழக்கமான அமைப்பில் இடைவெளி 0.9 என்று இருக்கும். ஆங்கிலத்துக்கு அது சரி. தமிழில் மேல் வரியின் ‘கூ’ வாலும் கீழ் வரியின் ‘கீ’ சுழியும் இடித்துக்கொள்ளும். 1.1 வைத்தேன். கடைசியில் ஃபைல், ஆப்ஷன்ஸ், சேவ் என்று போய் எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே பொதிந்து வைக்கும் பெட்டியில் டிக் அடித்தால் வேலை முடிந்தது.

எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதற்குப் பலரும் பல எண் சொல்வார்கள். எண்ணைவிடக் கணக்கு நம்பகமானது. மண்டபத்துக்கு புரொஜெக்டர் கொண்டுவரும் சவுண்ட் சர்வீஸ்காரரிடம் போனில் கேட்டேன். திரை எட்டுக்கு ஆறு அடி. புரொஜெக்டர் பழையது, 1024க்கு 768, அதாவது 4:3. கடைசி வரிசை திரையிலிருந்து சுமார் அறுபது அடி. சாரின் கோப்போ 16:9. அதை அப்படியே போட்டால் எட்டடி அகலத்தில் படத்தின் உயரம் நாலரை அடிதான் வரும், மேலும் கீழும் முக்கால் முக்கால் அடி வெற்றுப் பட்டை. 14 அங்குல லேப்டாப்பில் முழுத்திரை ஸ்லைடின் உயரம் ஏறக்குறைய ஏழு அங்குலம். நாலரை அடி என்பது 54 அங்குலம், லேப்டாப்பைவிட எட்டு மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. அறுபது அடியையும் அதே எட்டால் வகுத்தால் ஏழரை அடி. ஆக, லேப்டாப்பில் ஸ்லைடை ஓடவிட்டு ஏழரை அடி தள்ளி நின்று பார்த்தால், கடைசி வரிசைக்காரருக்குத் தெரிவதுதான் நமக்கும் தெரியும். அப்படி நின்று பார்த்தபோது பழைய கோப்பில் தலைப்புகளைத் தவிர வேறெதுவும் படிக்க முடியவில்லை.

ஸ்லைடின் அளவையே 4:3 ஆக மாற்றியதும் படம் முழு ஆறடி உயரத்துக்கு வந்துவிட்டது. இப்போது அதே கணக்கில் ஆறடிக்கும் குறைவான தூரத்தில் நின்று பார்த்தால் போதும். அளவை மாற்றும்போது மேக்சிமைஸ், என்ஷூர் ஃபிட் என்று இரண்டு கேட்கும். இரண்டாவதைக் கொடுக்கவும், முதலாவது ஓரங்களை வெட்டிவிடும். இதை எல்லா வேலைக்கும் முன்னால் செய்துவிட வேண்டும், அழகாக அடுக்கி வைத்த பிறகு செய்தால் எல்லாம் கலையும். தலைப்பு 36, படத்தின் மேல் எழுதும் சொற்கள் 28. அதற்குக் கீழே எதுவும் இல்லை. 28இல் அடங்காத விஷயம் நோட்டீஸுக்குப் போனது.

சரி, சார் முதலில் கேட்ட கலருக்கு வருவோம். பழைய கோப்பில் கரும்பச்சைப் பின்னணி, அதன்மேல் மஞ்சள், சிவப்பு எழுத்து. லேப்டாப்பில் எடுப்பாகத்தான் இருந்தது. ஆனால் புரொஜெக்டரால் கறுப்பைக் காட்ட முடியாது. அது வெளிச்சத்தைத்தான் வீசும். கறுப்பு என்று நாம் வைக்கும் இடத்தில் அது ஒன்றும் வீசாமல் விடுகிறது, அவ்வளவுதான். அங்கே தெரிவது மண்டபத்தின் வெளிச்சம் பட்ட திரை. காலை பதினொரு மணிக்கு, ஜன்னல் எல்லாம் திறந்திருக்கும் கல்யாண மண்டபத்தில் அந்தக் கரும்பச்சை வெளிறிய சாம்பலாகும், மஞ்சள் எழுத்து அதில் கரைந்துபோகும். வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து. சாருக்கு அது ‘ஒப்பாரி நோட்டீஸ் மாதிரி’ இருந்ததாம். படங்கள்தான் கலர் கொடுக்கும் சார் என்று சமாளித்தேன். படங்களையும் பவர்பாயிண்டிலேயே வெளிச்சம் 20 சதவீதம் கூட்டி வைத்தேன். லேப்டாப்பில் அவை கொஞ்சம் வெளுத்துத் தெரியும், திரையில் சரியாகும். 1024 புள்ளி அகலத்துக்கு மேல் அந்த புரொஜெக்டருக்குப் பயனில்லை என்பதால் கம்ப்ரெஸ் பிக்சர்ஸ் போட்டு, வெட்டிய ஓரங்களையும் நீக்கியதில் கோப்பு 88 எம்பியிலிருந்து 9க்கு வந்தது.

முப்பரிமாணத் தூண்களோடு இருந்த மாவட்டப் பரப்பு வரைபடத்தைத் தூக்கிவிட்டேன், அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

மைதாக் கரைசலுக்கு மட்டும் வீடியோ. லிட்டருக்கு 25 கிராம் மைதா வீதம் காய்ச்சிய கரைசலைக் கறுத்த ஓலையில் தெளித்தால், காய்ந்ததும் பூசணம் செதில் செதிலாக உரிந்து விழும். இதைப் படத்தில் காட்டினால் நம்ப மாட்டார்கள், உரிவதைப் பார்க்க வேண்டும். இருபது வினாடிதான், ஒலியை நீக்கிவிட்டேன். மைக் செட்டில் லேப்டாப் ஒலியைக் கோக்க ஒரு வயர் தேடி பத்து நிமிடம் வீணாவதை எத்தனையோ கூட்டத்தில் பார்த்தாயிற்று. ஒலி இல்லாவிட்டால் சாரே அதன்மேல் பேசிக்கொள்ளலாம். மஞ்சள் ஒட்டுப்பொறிக்கு ஒரு கோட்டுப்படம்: மரத்தின் தண்டில் ஆறடி உயரத்தில் விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் தாள், பக்கத்தில் நிற்கும் ஒரு ஆள், ‘ஏக்கருக்கு 8’ என்ற எழுத்து. ஆள் நிற்பதால் உயரத்தைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

கடைசியில் 17 ஸ்லைடு நின்றது. அதற்குப் பின்னால் சார் விடமாட்டேன் என்ற ஒன்பது ஸ்லைடுகளை மறைத்து வைத்தேன். ஹைட் ஸ்லைடு போட்டால் வரிசையில் தட்டும்போது வராது. ஓடிக்கொண்டிருக்கும்போது ஸ்லைடின் எண்ணை அடித்து என்டர் தட்டினால் நேராக அங்கே போகும். வகைப்பாடு, உலக வரலாறு, எந்தெந்தப் பயிரில் இந்த ஈ வரும், எல்லாம் அங்கே. எண்களைச் சட்டைப் பைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். ஒத்திகையில் அவருக்கு மிகவும் பிடித்துப்போனது பி (B) பட்டன். ஸ்லைடு ஓடும்போது பி அடித்தால் திரை இருண்டுவிடும், மறுபடி அடித்தால் திரும்பும். ஜனங்களின் கண் தன்னிடம் வர வேண்டும் என்றால் இதைவிட நல்ல வழி கிடையாது. முதல் ஒத்திகையில் அவர் திரையைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டே பேசினார். லேப்டாப்பை அவருக்கு எதிரே, முழங்கால் உயரத்துக்கு இறக்கி ஒரு ஸ்டூலில் வைத்ததும் அது தானாகப் போய்விட்டது.

கூட்டத்தன்று சவுண்ட் சர்வீஸ்காரர் சொன்னபடியே பழைய விஜிஏ வயர்தான் கொண்டுவந்தார். எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏ மாற்றி கையில் இருந்ததால் சிக்கல் இல்லை. விண்டோஸ் பட்டனோடு பி (P) அடித்து எக்ஸ்டெண்ட் போட்டு, பிரசென்டர் வியூ லேப்டாப்பில்தான் வருகிறதா என்று பார்த்தோம். ஆள் வருவதற்கு முன் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன், எழுத்து தெரிந்தது. ஜன்னல் பக்கம் உட்காருபவர்களுக்குப் படம் வெளுக்கிறது என்று தெரிந்ததும், திரைக்கு அருகில் இருந்த இரண்டு ஜன்னலுக்கு மேடையின் படுதாத் துணியைக் கட்டச் சொன்னோம்.

வரவேற்பு முடிந்ததும் சார் வெள்ளைச் சுருள் படத்தில் நேராக ஆரம்பித்தார். “இது யாரு தோப்புல இருக்குதுங்க?” பாதிக்கு மேல் கை தூக்கினார்கள். கறுத்த கூடு படத்தில் ஒருவர் எழுந்து, “அது முத்திப்போன ஈங்களா சார்?” என்று கேட்டார். வளையம் வரும் ஸ்லைடுக்குப் போகாமல் பி அடித்துவிட்டு, கொண்டுவந்திருந்த ஓலைத் துண்டுகளையும் கை லென்ஸையும் வரிசைக்கு ஒன்றாகக் கொடுத்தார் சார். ஒத்திகையில் இல்லாத விஷயம் இது, அவரே செய்தது. எல்லோரும் குனிந்து ஓலையைப் பார்த்து முடித்த பிறகு வளையம் வந்தது. “ஓ, ஓட்டை போட்டுட்டு வெளிய வந்துருச்சு!” என்று முன்வரிசையில் ஒரு பெரியவர் சத்தமாகச் சொன்னார்.

நடுவில் கரண்ட் போனது. ஜெனரேட்டர் உடனே வந்தது, ஆனால் பழைய விளக்கு புரொஜெக்டர் ஒருமுறை அணைந்தால் சூடு ஆறித்தான் மறுபடி எரியும். ஏழெட்டு நிமிடம் திரை இல்லை. சார் பைத் தாளை எடுத்து ஒரு பார்வை பார்த்துவிட்டு மருந்து ஏன் வேண்டாம் என்பதை வாயாலேயே சொல்லி முடித்தார். அந்தப் பகுதியில்தான் கேள்விகள் அதிகம் வந்தன. “பக்கத்துத் தோட்டத்துக்காரரு அடிக்கறாரு, நான் சும்மா இருந்தா எனக்குத்தானுங்களே வரும்?” இதற்கு ஸ்லைடு எதுவும் இல்லை, மறைத்து வைத்ததிலும் இல்லை. அடித்தவர் தோப்பில் குளவியும் போய்விடும், ஈ திரும்ப ஏறும்போது தடுக்க ஆளிருக்காது, உங்கள் தோப்பில் குளவி இருக்கிறது என்று சார் விளக்கினார். கேட்டவர் முழுக்க ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை. மறைத்த ஸ்லைடுகளில் ஒன்றே ஒன்று பயன்பட்டது: கொய்யாவிலும் வாழையிலும் இந்த ஈ வருமா என்று ஒரு அம்மா கேட்டார். 22 என்று தட்டி என்டர் அடித்தார் சார், படம் வந்தது. வகைப்பாட்டை யாரும் கேட்கவில்லை.

எடுபடாத ஸ்லைடும் உண்டு. கண்ணாடி இறக்கைப் பூச்சி என்று இன்னொரு நன்மை செய்யும் பூச்சி, வெளிர்பச்சை நிறம். பச்சை ஓலைமேல் அது உட்கார்ந்திருக்கும் படம். லேப்டாப்பில் தெளிவாகத்தான் இருந்தது. பகல் வெளிச்சத்தில் திரையில் வெறும் ஓலைதான் தெரிந்தது. “எங்கீங்க இருக்குது?” என்று கேட்டுக் கேட்டு சார் குச்சியால் சுட்டிக்காட்டியும் பின்வரிசைக்குக் கடைசி வரை தெரியவில்லை.

நோட்டீஸைக் கடைசியில், சாப்பாட்டுக்குப் போகும் வாசலில் கொடுத்தோம். முன்னாலேயே கொடுத்திருந்தால் எல்லோரும் அதைத்தான் படித்துக்கொண்டிருப்பார்கள். ஆழியாறு தென்னை ஆராய்ச்சி நிலையத்தில் ஒட்டுண்ணி பற்றி விசாரிக்கலாம் என்ற வரியைப் பெரிதாகப் போட்டிருந்ததால் பலரும் அதைத்தான் முதலில் போனில் படம் பிடித்தார்கள். கூட்டம் நடத்தியவர்கள் வாட்ஸாப் குழுவில் போட ஸ்லைடு கோப்பைக் கேட்டார்கள். 17 படத்தையும் ஒற்றை வரித் தலைப்புகளையும் சார் பேச்சு இல்லாமல் பார்த்தால் பாதி புரியாது என்பதால் நோட்டீஸின் பிடிஎஃப்பையும் மைதா வீடியோவையும் மட்டும் அனுப்பினேன்.

அடுத்த கூட்டம் உடுமலைப் பக்கம், அங்கே எல்இடி திரையாம். அது தானே ஒளிர்வது, பகலிலும் கறுப்பு ஓரளவு கறுப்பாகவே நிற்கும். வெளிச்சம் கூட்டிய படங்களை எல்லாம் பழையபடி இறக்க வேண்டும், இல்லாவிட்டால் வெள்ளைச் சுருள் மொத்தமும் வெளுத்துப்போகும். சார் மறுபடி கரும்பச்சைப் பின்னணி கேட்கிறார். கண்ணாடி இறக்கைப் பூச்சியை ஒரு வெள்ளைத் தாளில் விட்டுப் படம் எடுத்து அனுப்பினால் பின்னணியைப் பற்றிப் பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன். திரையின் நீள அகலத்தை அங்கிருந்து இன்னும் யாரும் சொல்லவில்லை, அது வந்தால்தான் ஸ்லைடு அளவில் கை வைக்க முடியும்.